ஓர நாற்காலி

வியாழக்கிழமை இரவென்றால்
எங்கள் ஃபிளாட்டில் பிரியாணியும் பதினோரு பேரும்.
"வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்பாள் ஜெசிந்தா.
நான் செருப்பைத் தேடுவேன்.

மனாமாவிலிருந்து பாலம் தாண்டினால் முஹரக்.
பஸ்ஸில் பக்கத்து சீட் காலி.
அதுவே பாதி மருந்து.

ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு.
கையை மடக்குங்க, மூச்சு விடுங்க, அவ்வளவுதான் முடிஞ்சுது
என்று நாலு மொழியில் சொல்லிச் சொல்லி
என் பங்குச் சொற்கள் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.
பிறகு வரும் "எப்படி இருக்கே"வுக்கெல்லாம்
கடன் வாங்கித்தான் பதில்.

முதல்முறை போனது
மழைக்கு ஒதுங்கி.
பஹ்ரைனில் மழை! அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.
உள்ளே வெள்ளை அங்கிகள், தோல் மேளங்கள்,
தரையில் மூன்று மண்பானை.
திரும்பப் போனவளுக்கு
ஒருவர் ஓர நாற்காலியைக் காட்டினார்.
ஊர் கேட்கவில்லை. சம்பளம் கேட்கவில்லை.
கல்யாணம் ஆயிடுச்சா என்று கேட்கவே இல்லை.
கஹ்வா கொடுத்தார், போய்விட்டார்.

முத்துக் குளிக்கப் போனவர்களின் பாட்டாம்.
ஒரு குரல் மேலே இழுக்க
இருபது தொண்டைகள் அடியில் உறுமின,
கப்பல் தரைதட்டுவது போல.
அது காதுக்கு வரவில்லை.
நாற்காலியின் இரும்புக் காலில் ஏறி
இடுப்பெலும்பில் வந்து உட்கார்ந்தது.
கூட்டத்துக்கு நடுவே இருந்தேன்.
யாருக்கும் நான் தேவைப்படவில்லை.
எவ்வளவு பெரிய சௌகரியம்!

போன வாரம் எதுவும் ஏறவில்லை.
ஒப்பந்தம் நீட்டிப்பார்களா தெரியாத வாரம்.
பாட்டு பாட்டாக இருந்தது, நான் நானாக இருந்தேன்.
கிளம்பலாம் என்று பையை எடுத்தபோது
எல்லோரும் கை தட்டும் இடம் வந்தது.
நானும் தட்டினேன், அரை மாத்திரை தாமதமாக.
அடுத்த வரிசையில் அபாயா அணிந்த ஒருத்தியும்
அதே தாமதம்.
பார்த்துக்கொண்டோம்.
சிரித்தோம் என்று சொல்ல முடியாது.
பையைக் கீழே வைத்தேன்.

ஞாயிறு காலை
மீன்பிடி படகில் வேலை செய்யும் சூசைநாயகம்
சட்டைக் கையைச் சுருட்டி உட்கார்ந்தார்.
நரம்பு கிடைக்கவில்லை.
இரண்டு விரலால் தட்டினேன். மறுபடி தட்டினேன்.
"மேடம், தாளம் தப்புது."

அவ்வளவுதான் முடிஞ்சுது என்று சொல்லிவிட்டு
அவர் எழுந்த பிறகும்
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்,
மழையைச் சொன்னேன்,
மூன்று பானையைச் சொன்னேன்.
வெளியே டோக்கன் இருபத்தேழு
கதவைத் தட்டும்வரை.