ஐம்பது கிலோ பை

உரத்துக்குத் தடை வந்த வருஷம்
படுவான்கரையில் மிஞ்சியவை வெறும் பைகள்தான்.
யூரியா என்று நீலத்தில் எழுதிய பைகள்.
குணநாயகம் மச்சானின் மெசின் கொட்டிலுக்குள்
எலிப் புழுக்கை தட்டி
எழுபத்திரண்டு எண்ணி எடுத்து வந்தேன்,
இஞ்சி நட.

முதல் தரம் பிழைத்தது.
எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு
இரண்டு கருத்து. நான் சொல்வது கெட்டது.
பட்டியில் அள்ளிய எருவை
ஆற விடாமல் அப்படியே கொட்டினேன், அவசரக்காரி.
கையை விட்டால் பை சுட்டது.
கண் விட்ட விதையெல்லாம் உள்ளே அவிந்து
பழங்கஞ்சி மணத்தது.

ஊர் அப்போது இரண்டு கட்சி.
யூரியா நஞ்சு என்றது ஒன்று.
யூரியா இல்லாமல் சோறு எங்கே என்றது மற்றது.
சங்கக் கடை வாசலில் வாய்த்தர்க்கம் முற்றி
ஒருவரின் சைக்கிள் வாய்க்காலுக்குள் போனது.
மச்சான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.
கட்டிலுக்குக் கீழே ஒரு பை ஒளித்து வைத்திருந்தார்,
விலை இன்னும் ஏறட்டும் என்று.
ஏறியது. இன்னும் என்றார்.
பிறகு இறங்கியது.
இரண்டு மாரியின் ஈரத்தைக் குடித்து
அது கல்லாகிக் கிடக்க
மேலே அவர் தூங்கினார்.

கைமாற்றைக் கேட்கப் போனபோது
அந்தக் கல்லைத்தான் தந்தார்.
உலக்கையால் உடைத்தேன்.

இரண்டாம் தரம் சமையல்போல் செய்தேன்.
மூன்று மாதம் மூடி வைத்த மாட்டெரு,
ஏறாவூர் ஆதம்பாவா லான்மாஸ்டரில் ஏற்றிவந்த கோழி எரு,
மில்லடி உமியைச் சுட்ட கரி,
வாவியில் இழுத்து நறுக்கிய ஆற்றுவாழை.
போதனாசிரியர் தர்மினி என் மண்ணை
ஒரு சொப்பிங் பையில் கொண்டுபோனாள்.
வந்த கடதாசியை இரண்டு தரம் வாசித்துச் சொன்னாள்:
"அக்கா, உங்கட மண்ணுக்குப் பசி மட்டும் இல்ல,
நெஞ்செரிவும் இருக்கு."
அதற்கு டொலமைற், ஒரு கைப்பிடி.

நடும்போது ரி.எஸ்.பி.
குருத்து முழங்காலைத் தொட்ட பிறகு
மச்சானின் கல்லுத் தூள், சோடா மூடியால் ஒன்று,
தண்டுக்கு நாலு விரல் தள்ளி, ஈரம் பார்த்து.
கிழங்கு திரளும் மாதம் எம்.ஓ.பி.
சிவப்பைக் கண்டு மிளகாய்த்தூள் என்று
மகன் நாக்கில் தொட்டுத் துப்பினான்.
எருவை அப்படி யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

மார்கழியில் பதினொரு நாள் விடாத மழை.
ஒன்பது பையில் இலை மஞ்சளானது.
தண்டைப் பிடித்தேன், கையோடு வந்தது,
ஒரு சொல் எதிர்க்காமல்.
அதற்கு எந்தப் பசளையும் இல்லை.
பையோடு தூரக் கொண்டுபோய்ப் புதைத்துச்
சுண்ணாம்பு போட்டு மூடினேன்.
அன்று அடுப்பு மூட்டவில்லை.

தை கடைசியில் ஒரு பையை மட்டும்
கத்தியால் நெடுக்கக் கீறினேன், பார்க்கும் ஆசையில்.
இடம் போதாமல் சுவரை முட்டி முட்டித்
தடித்துக் கிடந்தது கிழங்கு.
தோல் முழுக்கப் பையின் பின்னல்,
பாயில் படுத்தெழும்பிய பிள்ளையின் கன்னம் மாதிரி.
மற்றவற்றைக் கவிழ்த்தேன். பை வேணுமே.

காத்தான்குடி யாவாரி ஒரு துண்டை முறித்து முகர்ந்தார்.
"சேதனமா தங்கச்சி, பசளை போட்டதா?"
"போட்டது."
"எது?"
"எல்லாம்."
தராசைப் பார்த்தபடியே
கிலோவுக்கு நாற்பது ரூபா குறைத்தார்.
முறித்த துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மண்ணைப் பயித்தங்கொடிக்குக் கொட்டிவிட்டுப்
பைகளை அலசிக் கொடியில் போட்டேன்.
எழுபத்திரண்டில் ஒன்பதும் ஒன்றும் போக
அறுபத்திரண்டு.
வெயில் தின்று தின்று
யூரியாவில் இப்போது 'யா' மட்டும் தெரிகிறது.
சித்திரைக்குள் அதுவும் போகும்.