அரை கிராமுக்கும் குறைவு

மாகோவிலிருந்து முதல் பேருந்தில் வந்த பர்னபாஷ்
தீப்பெட்டியைத் திறந்து வைத்தார்.
வெங்காய வாடை. பஞ்சு. நடுவில்
சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வெள்ளி.

தராசு பூஜ்யம் புள்ளி நான்கு என்றது,
கொஞ்சம் யோசித்து
பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்பது.

விளிம்பில் வார்ப்புத் தையல் இல்லை.
குமிழி இல்லை.
சிலுவை, அதன் இடுக்குகளில் நான்கு ஆப்பு,
சுற்றிலும் எழுத்தாக நடிக்கும் கோடுகள்.
அச்சு வெட்டியவனுக்குப் படிக்கத் தெரியாது.
ராஜாவின் பெயரைக் கேட்காதீர்கள்.

"போலிதானே?" என்றார்.
இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும்
அசல்தானே என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"அசல் என்றால் வயலைத் தோண்ட வருவார்கள்.
எழுபது சால் வெங்காயம்,
பிடுங்க இன்னும் மூன்று வாரம்.
செல்லாக்காசு என்று ஒரு வரி எழுதிக் கொடுங்களேன்."

எங்கள் இழுப்பறையில் 212ஆம் எண்.
அதே அச்சு. சிலுவையின் கீழ்க்கையில்
மயிரிழையாக ஒரு விரிசல்.
அவருடையதில் அது விளிம்புவரை ஓடியிருந்தது.
கள்ளக்காசுக்காரன் விரிசலை நகலெடுப்பான்,
வளர்க்க மாட்டான்.
இரண்டு காசுக்கும் நடுவே
ஏதோ ஒரு பிற்பகல்,
அச்சு பிளந்துகொண்டிருப்பது தெரிந்தும்
சுத்தியலைக் கீழே வைக்காத ஒருவன்.

படிவத்தில் 'நாணயம்' என்ற வரிக்கு எதிரே
அசல் என்று எழுதினேன்.
அவர் ஜன்னல் வழியே திஸா நதியைப் பார்த்தார்.

'கிடைத்த தேதி'யில் பேனா நின்றது.

தீப்பெட்டியை மூடி அவர் பக்கம் தள்ளினேன்:
"இது உங்களுக்கு
மூன்று வாரம் கழித்துத்தானே கிடைக்கப்போகிறது?"