சாமல்பட்டி, பெட்டி எண் நாற்பத்தொன்று

நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து
ஏறி வந்திருக்கிறது இந்தக் கல்.
துளைத்த தண்ணீரின் ஈரம் இன்னும் காயவில்லை.
தகரப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு
"மேடம், இதுலயாவது தங்கம் இருக்கா?" என்கிறான் முனிரத்தினம்.
நாற்பது பெட்டிக்கும் இதையேதான் கேட்டான்.
நாற்பது பெட்டிக்கும் நான் சிரித்தேன்.
சிரித்தால் என் கை
தானாக வாய்க்குப் போகும்.
பென்னாகரத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத்
தெரியும் அந்தக் கை.

ஒரு சொட்டு அமிலம் விட்டேன்.
கோலி சோடா உடைத்த மாதிரி நுரைத்தது.
கால்சைட்.

சுண்ணாம்பு கடலடியில் படியும்
என்றுதான் பள்ளியில் எழுதி மார்க் வாங்கினோம்.
இது கடலையே பார்க்காத சுண்ணாம்பு.
குழம்பாகக் கொதித்துக் கீழிருந்து ஏறி
இந்த ரயில் நிலையத்துக்கு அடியில் எங்கோ
மூச்சு வாங்கி நின்றுவிட்டது,
எழுபது கோடி ஆண்டுகளுக்குக் குறையாமல் இருக்கும்.

ஆறுவதில்தான் எல்லாம்.
சட்டென்று ஆறினால் கண்ணாடி:
பொங்கலுக்கு முந்தின ராத்திரி தர்மபுரி பஸ் ஸ்டாண்டு,
கிடைத்த இடத்தில் கிடைத்தவர்.
மெல்ல ஆறினால்
ஒவ்வோர் அணுவுக்கும் தன் இடம் தேட அவகாசம் உண்டு.
ரேஷன் கடை வரிசையில்
ஆளுக்குப் பதில் பை நிற்கும், பைக்குப் பதில் கல் நிற்கும்,
மண்ணெண்ணெய் வரும்வரை
வரிசை மட்டும் கலையாது.
அந்தக் கலையாத வரிசைக்குத்தான் படிகம் என்று பெயர்.

எங்கள் வீட்டு வெந்நீர்க் குண்டானிலும்
ஒரு கோடைக்குள் ஏறிவிடும் வெள்ளை ஏடு.
அதுவும் கால்சைட்தான்.
கோடி ஆண்டெல்லாம் கேட்காது,
போர்த் தண்ணீரும் கொஞ்சம் விறகும் போதும்.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக் குனிந்தேன்.
வெள்ளைக்கு நடுவே
குருணை அளவில் இளம்பச்சை.
ஆறு பக்கம்.
கத்திக்கு வழிவிடலாமா என்று
யோசிக்கும் கடினம்.

அபடைட்.
பார்ப்பவர்களையெல்லாம் வேறு ரத்தினம் என்று நம்பவைத்ததால்
கிரேக்கத்தில் 'ஏய்ப்பு' என்ற சொல்லை எடுத்து
இதன் தலையில் கட்டினார்களாம்.
சும்மா இருந்த கல்லுக்குப் பழி.

கால்சியம், பாஸ்பரஸ், ஆக்சிஜன்.
நடுவே ஒரு குறுகிய நடைவழி,
அதில் ஃப்ளூரினுக்கு ஓர் இருக்கை.
மழை ஒவ்வோர் ஆண்டும் இறங்கி
இதையும் இதன் சொந்தபந்தங்களையும்
கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பிக் கூட்டிப் போனது.
பாறையிலிருந்து வெடிப்புக்கு,
வெடிப்பிலிருந்து அடிபம்புக்கு,
அடிபம்பிலிருந்து
நான்கு வயது வாய்க்கு.

ஈறுக்குள் அப்போதுதான்
பல் நெய்துகொண்டிருந்தது உடம்பு.
அதன் சரக்கும் கிட்டத்தட்ட இதுவேதான்,
அதே ஆறு பக்கம், அதே நடைவழி.
வந்த விருந்தாளி அளவுக்கு மிஞ்சியதும்
நெசவு தடுமாறியது.
இழை விட்ட இடமெல்லாம்
பழுப்பு வந்து குடியேறியது.

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில்
உதடு பூட்டிக்கொண்டு நிற்கிறேன்.
"கொஞ்சம் சிரிங்க மேடம்" என்று
மூன்று முறை சொல்லிப் பார்த்தார் அந்தக் கேமராக்காரர்.

கனிமம் எனப்படுவது
இயற்கையில் தானாக விளைவது, திண்மம்,
தனக்கென ஒரு வாய்பாடு, உள்ளே ஓர் ஒழுங்கு,
உயிரால் ஆகாதது.
அந்தக் கடைசி நிபந்தனையில்தான்
என் பல் ஃபெயில்.
மற்ற பாடமெல்லாம் பாஸ்.

சேலம் பக்கம் போகும் சரக்கு ரயில் ஒன்று
கொட்டகையை உலுக்கிக் கடந்தது.
பெட்டிக்குள் எழுபது கோடி ஆண்டு
கடகடவென்று ஆடி அடங்கியது.

"என்ன மேடம், தங்கமா?"
"பல்லு" என்றேன்.
புரியாமல் சிரித்தான் முனிரத்தினம், வாய் முழுக்க.
பர்கூர்க்காரன்.
மேல் வரிசையில் என்னைவிட இரண்டு கோடு அதிகம்.
இவ்வளவு நாள் நான் பார்க்கவே இல்லை,
வாயை மூடும் மும்முரத்தில்.

குறிப்பு என்ற கட்டத்தில்
'தெரிந்த முகம்' என்று எழுதினேன்.
சென்னை ஆபீஸில் கேள்வி கேட்பார்கள்.
அடித்துவிட்டு
'அபடைட், ஆறு விழுக்காடு' என்று எழுதினேன்.

அடுத்த பெட்டி, நாற்பத்திரண்டு.
அதற்கும் கேட்பான்.
இரண்டு கையும் கல்லில் இருக்கட்டும்.