அணைந்த பிறகு

கோத்தகிரிச் சரிவில் மூன்றாம் நாள்.
தீ அணைந்ததென்று வனவர் எழுதிக்கொண்டார்:
பதினோரு ஹெக்டேர், பைன்.
சேத மதிப்பு: பிறகு.

ரங்கி இன்னும் இறங்கவில்லை.
கையில் பாதி எரிந்த தழைக்கொத்து.
ரப்பர் செருப்பின் அடி இளகி
எட்டுக்கு எட்டு சாம்பலைத் தூக்குகிறது.

சோலை ஓரத்தில் தீ தானாய் நின்றிருக்கிறது,
ஈரப்பாசியை நக்கிப் பார்த்துவிட்டு.

டப்.
மேலே, மறுபடி டப்.
வயர்லெஸ்ஸில் வெள்ளிங்கிரி:
"இன்னும் எரியுதுங்களா?"
இல்லீங்க, காய் தெறிக்குது.

வருசக்கணக்கில் பிசினால் வாய் ஒட்டிக் கிடந்தவை
சூட்டுக்குச் செதில் செதிலாய்த் திறக்கின்றன.
கருகிய மரத்திலிருந்து
ஒற்றை இறகோடு விதைகள்
சுழன்று சுழன்று
அவள் முக்காட்டில், சாம்பலில்,
சோலைக்குள்ளும்.

சோலைக்குள் விழுந்ததை மட்டும்
குனிந்து பொறுக்குகிறாள்.
அதற்குக் கூலி கிடையாது.