ஆறாம் நிறம்

பதினோரு கிலோ கண்ணாடிப் பெட்டி என் மடியில்.
பர்லியாறு தாண்டியதும் கண்டக்டர்
"இதுக்கும் அரை டிக்கெட் எடும்மா" என்றார்.
எடுத்தேன். கோயம்புத்தூர் கம்பெனி கணக்கு.

குன்னூர் புரோக்கர் ஆபீசில் அதுவரை பச்சைத் திரை.
வரிக்கு எண்பது எழுத்து, இருபத்தைந்து வரி,
அவ்வளவுதான் அதன் உலகம்.
லாட் எண், மூட்டைக் கணக்கு, கிலோ என்ன விலை,
எல்லாம் பச்சை.
கோடு வேண்டுமென்றால்
கழித்தல் குறிகளை வரிசையாக நிறுத்த வேண்டும்.
யாரும் குறை சொல்லவில்லை.
எண்ணுக்கு எதற்கு நிறம்?

என் பெட்டி வந்தபின்தான் வம்பு.
முதல் வருடம், ஒரு நேரத்தில் நான்கு நிறம்:
கறுப்பு, வெள்ளை,
நீச்சல்குள நீலம், கல்யாண ரிப்பன் ரோஸ்.
டீ ருசி பார்க்கும் ஹாலன்
வாயில் இருந்ததைப் பித்தளைத் தொட்டியில் துப்பிவிட்டு வந்து
விலை கிராஃபைப் பார்த்தார்.
"இது தேயிலையா, பஞ்சுமிட்டாயா?"

அடுத்த கார்டு. பதினாறு நிறம்.
கையேட்டில் எண் ஆறுக்கு எதிரே
பழுப்பு என்று அச்சிட்டிருந்தது.
திரையில்
அந்த வாரம் அவர் முதலிடம் கொடுத்த லாட்
ஊறுகாய் மேல் பூத்த பாசியாக நின்றது.

காரணம் இது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.
கம்பி நான்கு: சிவப்பு, பச்சை, நீலம், பிரகாசம்.
ஒவ்வொன்றுக்கும் தெரிந்தது ஆம், அல்லது இல்லை.
சிவப்புக்கு ஆம், பச்சைக்கு ஆம்,
மற்ற இரண்டும் இல்லை என்றால்
மங்கல் மஞ்சள்தான் வரும்.
விலைகூடிய அசல் பெட்டியில் யாரோ ஒருவன்
இந்த ஒரு சேர்க்கைக்கு மட்டும்
பச்சையைப் பாதியாக்கக் குட்டி சர்க்யூட் வைத்திருந்தான்.
ஏனென்று எனக்குத் தெரியாது.
அவன் மேசையில் டீ இருந்திருக்கலாம்.
எங்கள் பெட்டி மலிவு. அது இல்லை.

மூன்று நாள் மழை. உள்ளே ஹைவோல்டேஜ்
ஈரத்தில் அப்பளம்போல் பொரிந்தது.
பின்மூடியைக் கழற்றி, கழுத்தில் மப்ளரோடு,
பச்சையின் திருகைக் கால் சுற்று இறக்கினேன்.
இன்னும் ஒரு நூல்.
ஹாலன் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தைத்
திரையோரம் பிடித்திருந்தார்.
"நில்லுங்க. அதான்."

ஆனால் வெள்ளை முழுவதும் ரோஸ் தட்டிவிட்டது.
சொன்னேன்.
"வெள்ளைய நாங்க விக்கிறதில்லையே."

பிறகு ஒன்பது ஊசி பிளக் போய்ப் பதினைந்து ஊசி.
கம்பிகள் ஆம் இல்லை சொல்வதை விட்டு
எவ்வளவு என்று சொல்லக் கற்றன.
இரண்டரை லட்சத்துக்கு மேல் நிறம்;
அதில் ஒரு நேரத்துக்கு இருநூற்றைம்பத்தாறு.
பிறகு அகலம் எண்ணூறு, ஆயிரத்திருபத்துநான்கு,
நிறம் ஒன்றரைக் கோடியைத் தாண்டிப் போனது.
ஒவ்வொரு ஸ்டாண்டர்டும்
தன்னோடு எல்லாம் முடிந்தது என்றபடிதான் வந்தது.
மலை ஏறும்போதெல்லாம் நானும்
அதையே சொல்லி விற்றேன்.
கிண்ணத்தின் விளிம்பில் டீ ஒட்டும் இடத்தில்
செம்பு மோதிரம்போல் ஒன்று மின்னும்,
ஹாலன் கேட்டது அதை.
அது எதிலும் வரவில்லை.

ஒரு வியாழன், ஏலம் முடிந்து எல்லோரும் போனபின்
புது கார்டின் நிற அட்டவணையைத் திறந்து படித்தேன்.
பெட்டிகளில் இப்போது அந்த சர்க்யூட் கிடையாது,
தேவையும் கிடையாது.
ஆனாலும் எண் ஆறு:
சிவப்பு நாற்பத்திரண்டு,
பச்சை இருபத்தொன்று,
நீலம் சைபர்.
சரியாகப் பாதி.
சாலிடர் வாசம் போய், எண்ணாகி உட்கார்ந்திருந்தது
யாரோ ஒருவனின் பழுப்பு.

மிஷினை அணைத்துப் போட்டேன்.
விண்டோஸ் விழிக்குமுன் சில நொடி,
எண்பது எழுத்து, இருபத்தைந்து வரி,
கறுப்பில் சாம்பல் எழுத்துகள் ஓடின.
வெளியே பெட்போர்டு ரோட்டில்
மஞ்சு எதையும் காட்டவில்லை.

ஹாலன் மூடிவைக்காமல் போன கிண்ணம் ஒன்று மேசையில்.
ஆறியிருந்தது.
நான் துப்பவில்லை.