பதினொரு மாதச் சம்பளம்

முதுகில் இடம் போதவில்லை என்று
என் பெயரில் பாதியைத்தான் ஒட்டினார்கள்.
புகழ்.
ஏந்தியை விட்டுவிட்டார்கள்.
ஒன்பதாம் எண்ணுக்கு மேல் அந்த ஒற்றைச் சொல்லோடு
ஜாலான் புசாரில், ஹவ்காங்கில், யீஷூனில்
பன்னிரண்டு பருவம் ஓடினேன்.

ஒப்பந்தம் ஜனவரியில் தொடங்கும், நவம்பரில் முடியும்.
டிசம்பருக்குச் சம்பளம் இல்லை.
கோல்காப்பாளர் கணக்கு டியூஷனுக்குப் போவான்,
நடுக்களத்து ஃபிர்தவுஸ் மாமனாரின் நாசி பாடாங் கடைக்கு,
நான் பார்சல் வண்டிக்கு.
அங்கே மட்டும் முழுப்பெயர்:
புகழேந்தி த/பெ சிவலிங்கம்,
படத்தோடு, செயலியில்.

தொண்ணூறு நிமிடத்தில்
பந்து என் காலில் இருப்பது ஒன்றரை நிமிடம்.
மீதி நேரம்
யாரோ ஒரு தடுப்பாட்டக்காரனின் வியர்வையை முகர்ந்துகொண்டு
அவன் எப்போது கண் சிமிட்டுவான் என்று நிற்பேன்.
மொத்தம் அறுபத்தொரு கோல்.
அதில் ஒன்று என் பின்பக்கத்தில் பட்டுப் போனது.
செய்தியில் காட்டியது அதைத்தான்.

அறுபத்திரண்டாவது
எட்டு வருடத்துக்கு முன்னால், ஓர் அரையிறுதியில்.
மின்னல் எச்சரிக்கையால் ஆட்டம் நாற்பது நிமிடம் நின்று
திரும்பி வந்தபோது
கடைசி ரயிலுக்குப் பயந்து பாதிக் கூட்டம் போயிருந்தது.
செயற்கைப் புல்லில் தண்ணீர்.
எண்பத்தெட்டாவது நிமிடம் ஃபிர்தவுஸ் தூக்கிப் போட்டான்,
நெஞ்சில் வாங்கி, இடக்காலால்.
வலை அசைந்ததைப் பார்த்தேன்.
சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றி
மூலைவரை ஓடித் திரும்பினால்
கோட்டோரம் ஒரு வலக்கை,
அதன் நுனியில் கொடி.
கோல் இல்லை.
சட்டையைக் கழற்றியதற்கு
மஞ்சள் அட்டை மட்டும் உண்டு.

ஆஃப்சைடே இல்லை என்று
பயிற்றுநரிடம் சொன்னேன், கோப்பிக்கடையில் சொன்னேன்,
பெண் பார்க்கப் போன இடத்தில்
வானதியிடம் முதல் பேச்சாகச் சொன்னேன்.
அவள் தன் அலுவலகத்தில் சொன்னாள்.
என் மகனுக்கு ஐந்து வயது,
அவனும் சொல்கிறான்.

இந்த டிசம்பர்
தெம்பனிஸ், பதினொன்றாம் மாடி.
பன்னிரண்டு கிலோ பூனை மணல்.
ஜனவரிக்கு யாரும் இன்னும் கூப்பிடவில்லை.
முட்டியில் இரண்டு திருகாணி,
லிஃப்ட்டிலிருந்து கடைசி வீடுவரை
அவை பேசிக்கொண்டே வந்தன.

கைலி, கிழிந்த பனியன்.
இரும்புக் கதவைப் பிடிக்க அவர் வலக்கையை உயர்த்தினார்.
அந்த முழங்கையை எனக்குத் தெரியும்.
செம்பிலான், என்றார் மலாயில்.
ஒன்பது.
பெயர் அவருக்கு நினைவில்லை.
மூட்டையை நான் இன்னும் இறக்கவில்லை,
அவர் அதற்குள் சொல்லிவிட்டார்:
உன் தோள் வெளியே இருந்தது, தம்பி.

தோள் இல்லை, என்றேன்.
முட்டி. முட்டியும் பாதித் தொடையும்.

சொன்ன பிறகுதான்
யார் சொன்னது என்று
பக்கத்து வீட்டுச் சன்னலைப் பார்த்தேன்.
ரோஸ்லான் சிரிக்கவில்லை.
சரி, என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு
மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார்.
பூனை வந்து என் காலணியை முகர்ந்தது.
பிடிக்காமல் போய்விட்டது.

ஒப்படைத்ததற்கு ஆதாரமாக
ஒரு படம் எடுக்க வேண்டும்.
மூட்டை, கதவு எண், மிதியடி.
ஓரத்தில் அவருடைய கால் பெருவிரல்
வாசற்கோட்டைத் தாண்டி
வெளியே இருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
அனுப்பிவிட்டேன்.