பந்தி

நான்காம் தரம். இரண்டாம் பாடவேளை.
கரும்பலகையில் ‘கடல்’ என்று எழுதிவிட்டுத் திரும்புவதற்குள்
முப்பத்தொரு தலைகள் குனிந்துவிட்டன.
மூன்று நிமிடத்தில் முப்பத்தொரு கடலும் எழுதி முடிந்தது.
கடல் பெரியது. கடல் நீல நிறமானது.
கடலில் மீன்கள் உண்டு. கடல் எமக்குப் பயன் தரும்.
போன கிழமை பசு பயன் தந்த அதே வரியில்,
அதற்கு முந்தின கிழமை தென்னை பயன் தந்த அதே வரியில்.

மதிலுக்கு அந்தப் பக்கம் கடல்.
இன்றைக்குச் சாம்பல் நிறம்.
ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நிதுர்சன் கொப்பி தரவில்லை.
“மான் திண்டிட்டுது டீச்சர்.”
வேறு ஊரென்றால் பொய்.
திருகோணமலையில், கேற்றடியில் நிற்கிறது மான்,
தாடை அசைய,
வாயோரம் ஒரு துண்டு கோடு போட்ட தாள்.
சரி, அதையே எழுது என்றேன்.
மான் வந்தது பிறகு பார்த்தது பிறகு நான் ஓடினேன் பிறகு
என்று பக்கம் முழுக்க ஓடினான்.
மூச்சுவிட ஒரு முற்றுப்புள்ளி இல்லை.

பந்தி தொடங்க ஒரு விரல் இடம் விடுங்கோ என்றால்
ஹிமாயா தன் சுட்டுவிரலைத் தாளில் வைத்து
சுற்றிவரக் கோடு கீறுகிறாள்,
நகத்தோடு சேர்த்து.

“பந்தி எண்டா என்ன?
கலியாண வீட்டில சாப்பிட இருக்கிறமே, அதுதான்.
ஒரு பந்தி எழும்பினாப் பிறகுதான் அடுத்தது.
நடுவில பூந்து இருக்கக் கூடாது.
பாயசம் முதல் வராது.”
பன்னிரண்டு வருடமாக நான் சொல்லும் உவமை.
பழக்கப்பட்ட இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பின் வாங்கிலிருந்து அஸ்கி:
“நாங்க பந்தியில இருக்கிறல்ல டீச்சர்.
எங்கட ஊட்ட சஹன்.
நடுவுல ஒரு தட்டு, சுத்தி ஆறு பேர்.
எல்லார்ட கையும் அந்தத் தட்டுலதான்.”

சோக்கட்டி கையிலேயே நின்றது.

பிறகு பெரிய வட்டம் ஒன்று கீறினேன்.
சுற்றிவர ஆறு கைகள்; என் கைகள் எல்லாம் கத்தரிக்காய் மாதிரி.
“நடுவில என்ன?”
“இறைச்சி!” என்றது வகுப்பு.
“இல்லை, கடல்.
ஒவ்வொரு வசனமும் ஒரு கை.
இந்தத் தட்டில சாப்பிடாத கையை
அடுத்த சஹனுக்கு அனுப்புங்கோ.”
“கை எட்டாட்டி?” என்றாள் கேதுஷா.
“கிட்ட இருக்க வேணும்,” என்றேன்.
மணி அடித்தது. நல்ல வேளை,
இன்னொரு கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மறுநாள் வந்த கொப்பிகளில்
பதினொரு கடலுக்குள் புரியாணி இருந்தது.
நிதுர்சன் முற்றுப்புள்ளி கண்டுபிடித்து
சொல்லுக்கு ஒன்றாய் வைத்திருந்தான்.

இரவு, கரண்ட் போய் வந்த பிறகு,
கட்டின் அடியில் யதுர்ஷிகாவின் கொப்பி.
ஒரு விரல் இடம். பிறகு:

“கடலில் காத்து மாறினால் அம்மா ரேடியோவை நிப்பாட்டுவா.
தேத்தண்ணிக்குச் சீனி போட மறப்பா.
நாங்கள் ஒன்றும் சொல்லாமல் குடிப்போம்.
தூரத்தில் என்ஜின் சத்தம் கேட்டால்
அது எங்கட எண்டு தம்பிதான் முதல் சொல்லுவான்.
பிறகு அம்மா சீனிப் போத்தலைத் தேடுவா.
கடல் எமக்குப் பயன் தரும்.”

அடுத்த வருடம் புலமைப்பரிசில்.
புள்ளித்திட்டத்தில் மொழிநடைக்கு இத்தனை, எழுத்துக்கு இத்தனை;
சீனிக்கு என்று ஒரு கட்டம் இல்லை.

சிவப்புப் பேனையை எடுத்தேன்.
காத்தைக் காற்று ஆக்கினேன்.
எண்டு என்பதை என்று ஆக்கினேன்.
கடைசி வசனத்தை வெட்டப் போய், வெட்டாமல்,
கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
‘மறப்பா’வில் பேனை நின்றது.
மறப்பார் என்று எழுதினால்
அந்த அம்மா வேறு யாரோ ஆகிவிடுவா.